சிவப்பாய் ஒரு சாட்சி

"நகை திருடுவாக, மாடு திருடுவாக. அடுத்தவன் சளிய மாத்தி வைக்கிற அளவுக்கா அக்கா நாடு கெட்டுப்போச்சு?" என்றான் தௌபீக்.

கம்பம் மெயின் ரோட்டில், ஸ்டான்லி லேபின் குறுகலான மாடிப்படியில் பவானி முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். அல்லிநகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளைம்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தவள். உத்தமபாளையத்துக்காரனான தௌபீக் அவளுக்கு டிரைவர், உதவியாளன், சம்பளம் வாங்கிக்கொண்டு வாயாடுகிறவன், எல்லாம். பயம் வந்தால் அவனுக்கு வாய் கூடிவிடும். இன்று காலையிலிருந்து அவன் வாயை மூடவே இல்லை.

காரணம் கீழே ரோட்டோரமாக, அவர்கள் காருக்குப் பின்னால் நின்றது. வேல்பாண்டியின் ஜீப். தண்ணீர் பாட்டிலை எடுப்பதற்காக அதற்குள் குனிந்தபோது, டிரைவர் சீட்டுக்கடியில் சாக்கு சுற்றிய ஓர் அரிவாளை தௌபீக் பார்த்திருந்தான். பவானியிடம் சொன்னான். "பாத்தேன். அதான் வேகமா ஏறுறேன்" என்றாள் அவள்.

கூடலூரிலிருந்து குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறவன் வேல்பாண்டி. கொஞ்ச நாளாக இருமல். ஜீப் ஸ்டாண்டில் நடந்த முகாமில் சளி பரிசோதனை செய்யச் சொன்னார்கள். இந்த லேபில் கொடுத்தான். காசநோய் என்று ரிசல்ட் வந்தது. ரிசல்ட் அவன் கைக்கு வருவதற்கு முன்பே சேதி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. பெண்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற பொன்னுராஜின் ஜீப்புக்கு மாறினார்கள். வேல்பாண்டி தேனிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தான், மதுரையில் மறுபடி சளி கொடுத்தான். இரண்டிலும் ஒன்றுமில்லை. அப்படியானால் பொன்னுராஜ் லேபில் காசு கொடுத்துச் சளியை மாற்ற வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு பவானியிடம் வந்தான்.

"யாருன்னு பேர மட்டும் சொல்லுங்க மேடம். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். மத்தது என்ன என்பது சீட்டுக்கடியில் இருந்தது.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான். "ஊரு ஒதுக்குனாக்கூட பரவாயில்ல மேடம். எம் பொண்டாட்டி முனீஸ்வரி நூல் மில்லு விட்டு வந்ததும் அடுப்படியில தனியா பாயப் போட்டுப் படுக்கிறா. புள்ளைய அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டா. என்னையப் பாத்தாலே எட்டி நிக்கிறா."

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லாத சீக்குக்கு எதுக்கு மாத்திரை? நர்சம்மா வந்து குடுத்துட்டுப் போறாக. வாய்க்கால்ல வீசுன்னு அப்படியே முனீஸ்வரி கையில குடுத்துருவேன்."

லேபில் சமீனா காத்திருந்தாள். சளியைப் பார்த்து ரிசல்ட் எழுதியவள் அவள்தான். லஞ்சம் என்ற பேச்சு வந்ததிலிருந்து முதலாளி ஸ்டான்லி அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் அழுதிருந்தாள், கோபமாகவும் இருந்தாள். மேஜைமேல் மைக்ரோஸ்கோப், பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள்.

"முகாம்ல வந்தவுக ஸ்லைடு எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன்க்கா. பாருங்க. நான் காசு வாங்குனவளான்னு அப்புறம் சொல்லுங்க."

"முதல்ல எனக்கு இது எப்படின்னு சொல்லு. கொழந்தைக்குச் சொல்ற மாதிரி. தௌபீக்கும் கேக்கணும்ல."

சமீனாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "ரெண்டு தடவ சளி வாங்குவோம். முதலாவது இங்கனயே துப்பணும். ரெண்டாவது காலையில எந்திரிச்சதும் வீட்ல டப்பாவுல துப்பிக் கொண்டாரணும். வெளக்குமாத்துக் குச்சியால கண்ணாடியில தடவிக் காய வைப்போம். தீயில காட்டுனா ஒட்டிக்கும். அதுமேல சிவப்புச் சாயத்த ஊத்தி, அடியில ஆவி வர்ற வரைக்கும் சூடு காட்டணும். அப்புறம் ஆசிட். ஆசிட் பட்டா எல்லாச் சிவப்பும் வெளுத்துரும். காசநோய்க் கிருமிக்கு மட்டும் மேல மெழுகு மாதிரி ஒரு தோல் இருக்கு. அது வெளுக்காது. கடைசியா நீலம் ஊத்துவோம். மத்ததெல்லாம் நீலம், கிருமி மட்டும் சிவப்பு."

"ஆசிட்ட ஊத்துனாலும் கலரு மாறாதா?" என்றான் தௌபீக். "நம்ம ஏரியா அரசியல்வாதிக யாருக்கும் இந்தக் கிருமி இல்ல அக்கா."

பவானி மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தாள். பிறகு அவனை அழைத்தாள். முதல் தகட்டில் வெறும் நீலம். இரண்டாவதில் அந்த நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள், ஒன்றிரண்டு அல்ல, பார்த்த இடமெல்லாம். தௌபீக்குக்கு ஏனோ தன் மூச்சை அடக்கிக்கொள்ளத் தோன்றியது. இத்தனையையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

"இங்கன துப்புனதுல இல்லாதது, வீட்டுல துப்புனதுல எப்படி வந்துச்சு?" என்றாள் பவானி.

"அப்படி வரும்க்கா. ராத்திரி பூரா நெஞ்சுல கட்டியிருந்த சளி காலையிலதான் வெளிய வரும். அதான் எனக்குச் சந்தேகம் வரல."

"வேற யாரோ நோயாளியோட ஸ்லைடுல வேல்பாண்டி நம்பரப் போட்டிருக்க முடியாதா?"

சமீனாவின் முகம் சிவந்தது. "முடியும். ஆனா நான் போடல."

பவானி இரண்டாவது தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் வைர ஊசியால் கீறிய நம்பர். கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த நம்பர எப்பக் கீறுவ?"

"எல்லாத்துக்கும் முன்னாடி. வெறும் கண்ணாடியில. இல்லாட்டி எது யாரோடதுன்னு குழம்பிரும்."

"அதான் கீறலுக்குள்ள நீலம் எறங்கியிருக்கு" என்று பவானி லென்ஸை தௌபீக்கிடம் நீட்டினாள். "சாயம் போட்டு முடிஞ்ச ஸ்லைடுல பின்னாடி நம்பர் கீறியிருந்தா, கீறல் வெள்ளையா இருக்கும். நம்பருக்கு அப்புறம்தான் சாயம். ஸ்லைடு மாறல. சமீனா மேல தப்பில்ல."

சமீனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் பவானியின் முகத்தில் நிம்மதி இல்லை. மறுபடியும் மைக்ரோஸ்கோப்புக்குப் போனாள்.

"குறுக்க நெறைய நூல் மாதிரி கெடக்கே, இது என்ன?"

"பஞ்சுத் தூசிக்கா. எங்கிட்டாவது பறந்து வந்து விழும்."

"பறந்து வந்து விழுந்ததுன்னா சாயத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சமீனா எழுந்து வந்து குனிந்தாள். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீலம் ஏறியிருக்கு. மேல ஒட்டல. சளிக்குள்ள புதைஞ்சிருக்கு. சளியோடதான் வந்திருக்கு." முதல் தகட்டையும் வைத்துப் பார்த்தாள். அதில் ஒரு நூல்கூட இல்லை.

"தௌபீக்கு, கீழ போயி, அந்தக் காலைச் சளி டப்பாவ இங்க கொண்டாந்து குடுத்தது யாருன்னு கேட்டுட்டு வா. வேற எதுவும் பேசாத."

வேற எதுவும் பேசாதே என்று தௌபீக்கிடம் சொல்வது ஆற்றிடம் ஓடாதே என்று சொல்வதுதான். வேல்பாண்டி ஜீப்பில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "எனக்கு விடியுமுன்ன ட்ரிப்பு. துப்பி வீட்ல வச்சுட்டுப் போயிட்டேன். முனீஸ்வரிதான் கொண்டாந்து குடுத்தா. ஏன், என்ன கெடச்சுச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. டப்பாவுல பஞ்சு கெடந்திருக்கு, அவ்வளவுதான்."

வேல்பாண்டியின் விரலிலிருந்து பீடி விழுந்தது. "பஞ்சா? எங்க வீட்டுக் கொல்லைய ஒட்டித்தான் பொன்னுராஜு மச்சினனோட இலவம்பஞ்சுக் கொடவுனு இருக்கு. பின்வாசல் வழியா வந்திருக்கான்." அடுத்த நிமிடம் ஜீப் கூடலூர்ப் பக்கம் திரும்பிப் பறந்தது. தௌபீக் ரோட்டில் நின்று கத்தியது அவன் காதில் ஏறவில்லை.

மாடிக்கு ஓடினான். சொன்னான். பவானி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இலவம்பஞ்சு இல்லக்கா" என்றாள் சமீனா, கண்ணை எடுக்காமல். "இலவம்பஞ்சு கண்ணாடிக் குழாய் மாதிரி நேரா, வழவழன்னு இருக்கும். இது முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. இது பருத்தி. மில்லுப் பஞ்சு."

பவானி கேட்டாள்: "காசநோய் மாத்திரையத் தின்கிற ஆள எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

"சுலபம். ஒண்ணுக்கு, வேர்வை, கண்ணீரு எல்லாம் செம்மஞ்சளாயிரும். நாங்க கண்ணாடிக்குச் சாயம் போடுறோம், அது ஆளுக்கே சாயம் போட்டுரும். அளவு எடையப் பாத்துத்தான் குடுப்பாக. வெறும் அட்டையத் திருப்பி வாங்கிக்கிட்டுத்தான் அடுத்தது குடுப்பாக. அதிகமாப் போனா ஈரலுக்கு ஆகாது."

பவானி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "கூடலூருக்கு விடு. பொன்னுராஜ்கிட்ட வேண்டாம். வேல்பாண்டி வீட்டுக்கு."

தௌபீக் காரை விரட்டினான். இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் ஓடின. வேல்பாண்டியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஸ்டாண்டில் தெரிந்த ஒரு டிரைவருக்குப் பவானி போட்டதில், பொன்னுராஜ் குமுளிக்குச் சவாரி போயிருக்கிறான், இன்னும் திரும்பவில்லை என்று தெரிந்தது. வேல்பாண்டி ஸ்டாண்டு முக்கில் ஜீப்பை நிறுத்திவிட்டு மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

"எதுக்குக்கா வீட்டுக்குப் போறோம்? அவனப் போயிப் பிடிக்க வேண்டாமா?"

"நாம பிடிச்சா ஒரு மணி நேரம் நிப்பான். அவன நிப்பாட்டக்கூடிய ஆளு வீட்லதான் இருக்கு."

முனீஸ்வரி மில்லுக்குப் போகவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்த தேகம், மூக்கைச் சுற்றி மில்லில் கட்டுகிற வெள்ளைத் துணி. பக்கத்தில் சுருட்டிய பாய், வாந்தி எடுத்த வாளி. வந்தவர்களைப் பார்த்ததும் எழ முயன்றாள். பவானி வேண்டாமென்று கை காட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். தானும் மாஸ்க் போட்டு, தௌபீக்கையும் போடச் சொன்னாள்.

"ஆத்தா, ஒரே ஒரு கேள்வி. மாத்திரைய வாய்க்கால்ல போட்டியா?"

"போட்டேன்."

"போட்டா நர்சம்மாகிட்ட வெறும் அட்டைய எப்படித் திருப்பிக் குடுத்த?"

முனீஸ்வரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவசரமாகத் துணியின் நுனியால் துடைத்துக்கொண்டாள். துணியில் கறை படிந்தது, முகத்தில் மஞ்சள் பூசியிருப்பாள் என்றுதான் தௌபீக் முதலில் நினைத்தான். அவள் முகத்தில் மஞ்சளே இல்லை. துணியில் கண்ணீர் பட்ட இடமெல்லாம் செம்மஞ்சளாக இருந்தது. ஏற்கெனவே காய்ந்துபோன பழைய கறைகளும் இருந்தன. நிறைய நாள் அழுதிருக்கிறாள்.

தௌபீக்குக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"அது ஓன் சளிதான். மில்லுல மூச்சோட போன பஞ்சு அதுல கெடந்துச்சு" என்றாள் பவானி மெதுவாக.

"நைட் ஷிப்டு முடிச்சு வந்தேன்க்கா. அவுக துப்பி வச்ச டப்பா மாடத்துல இருந்துச்சு. தொறந்து பாத்தா வெறும் எச்சி. எனக்கு இருமல் முட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு மாசமா ரத்தம் வேற கலந்து வருது, யாருக்கும் தெரியாது. அவுகளதக் கொட்டிட்டு நான் துப்பி மூடிட்டேன்."

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?" என்றான் தௌபீக்.

முனீஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கக்காவுக்கு இதே சீக்கு வந்துச்சுண்ணே. நேராத்தான் போனா. மாத்திரை தின்னு நல்லாவும் ஆயிட்டா. ஆனா கூப்பிட்டுப் போக அவ வீட்டுக்காரரு வரவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் எங்க ஆத்தா வீட்லதான் இருக்கா. ஆம்பளைக்கு வந்தா சீக்குன்னு சொல்லி மாத்திரை குடுப்பாக. பொம்பளைக்கு வந்தா வாழாவெட்டி ஆக்கிருவாக."

மூக்குத் துணியைச் சரிசெய்துகொண்டு அவளே தொடர்ந்தாள்.

"அவுக பேர்ல மாத்திரை வரும், நான் தின்னுக்கிறலாம், யாருக்கும் தெரியாம குணமாயிரலாம்னு நெனச்சேன். அவுகளுக்கும் புள்ளைக்கும் ஒட்டிரக் கூடாதுன்னு தள்ளிப் படுத்தேன். ஜீப்புல ஏற மாட்டாகன்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா மாத்திரைய மட்டும்தான் நெனச்சேன்."

பவானி அவள் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. "நான் டாக்டர் இல்ல. ஆனா அவரு ஆளு பாதி மலை மாதிரி இருக்காரு. அவரு எடைக்குக் குடுத்த மாத்திரைய நீ முழுங்குற. ஈரல் தாங்கல. அதான் வாந்தி. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனா சீக்கு கொல்றதுக்கு முன்னாடி மருந்து கொன்னுரும். இன்னைக்கே ஓன் பேர்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுக்கு முன்னாடி ஓன் வீட்டுக்காரருக்குப் போன் போடணும். அங்கன அரிவாளோட உக்காந்திருக்காரு. பொன்னுராஜுக்காக."

முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். தௌபீக் தன் போனை நீட்டினான். அவள் நம்பரைப் போட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தான்.

"யாரு?"

"நாந்தான் மாமா."

"அவன் வண்டி எறங்கி வருதுன்னு சொன்னாக. போன வையி."

"அந்தச் சளி என்னோடது மாமா."

ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டது. ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பச் சொன்னாள். "சீக்கு எனக்கு. நாந்தான் மாத்தி வச்சேன். பொன்னுராஜண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு வாங்க."

போன் கட்டாகிவிட்டது. அவன் வருவானா, இல்லை, கோபத்தில் வேறு ஏதாவது செய்வானா என்று தெரியாமல் மூன்று பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தௌபீக் மனசுக்குள் ஓதிக்கொண்டான்.

ஜீப் வந்து நின்றது. வேல்பாண்டி நிலைப்படியில் நின்றான், வெறுங்கையோடு.

"எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டியேடி" என்றான். கை ஓங்கிவிட்டது. தௌபீக் குறுக்கே போனான். ஆனால் தேவைப்படவில்லை. ஓங்கிய கை அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப நீ அடுப்படியில படுத்தது?"

"உங்களுக்கு ஒட்டிரக் கூடாதுன்னு."

"புள்ளைய அனுப்புனது?"

"அதுக்குந்தான்."

வேல்பாண்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் உனக்கு அருவருப்பாயிட்டேன்னு நெனச்சேன்" என்றான். இத்தனை நாளும் அவனைத் தின்றது ஸ்டாண்டுப் பேச்சு இல்லை, இதுதான் என்று தௌபீக்குக்குப் புரிந்தது.

பவானி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஈரல், எடை, உடனே ஆஸ்பத்திரி. உங்களுக்கும் பிள்ளைக்கும் டெஸ்ட். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு எழுந்து, மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்தான். காரை அங்கேயே விட்டுவிட்டு பவானியும் தௌபீக்கும் பின்னால் ஏறினார்கள்.

கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்டாண்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பொன்னுராஜ் சவாரி முடித்து வந்திருந்தான். அவன் ஜீப்பிலிருந்து தோட்டத்துப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேல்பாண்டியின் வண்டியைப் பார்த்ததும் நடு ரோட்டில் வந்து கைகாட்டி நிறுத்தினான்.

"ஏலே வேல்பாண்டி, என்னையத் தேடுனியாம்ல. ரிசல்ட்டு பொய்யி, நான்தான் காசு குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்க. துப்பறியிறவுகளையும் கூட்டியாந்துட்ட. இந்தா உக்காந்திருக்காக. எல்லாரும் கேக்கட்டும். சீக்கு யாருக்குன்னு சொன்னாக?"

பெண்கள் நின்று பார்த்தார்கள். முன் சீட்டில் முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். தௌபீக் பவானியைப் பார்த்தான். ஓர் ஆளின் மானத்தை மீட்டுத் தருகிற உண்மை அவள் கையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வேல்பாண்டி காசு கொடுத்திருந்தான். அவள் வாய் திறக்கவில்லை.

"எனக்குத்தான்" என்றான் வேல்பாண்டி. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான். "ரிசல்ட்டு சரியாத்தான் இருக்கு. ஓன்மேல தப்பில்ல. நான் சொன்னது தப்பு. வழிய விடு."

பொன்னுராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. ரோட்டோரமாக விலகினான். பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். இனி இந்த ஜீப்பில் அவர்கள் ஏற வெகு நாளாகும்.

ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு வேல்பாண்டி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"ஊருக்கு நான் சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட நீ சொல்லிரணும் முனீஸு. அங்கன மறைக்கக் கூடாது."

முனீஸ்வரி சரியென்று தலையாட்டினாள்.